புகைபோக்கி நகரங்கள் – 9: எம்ஷர் ஆற்றைத் திரும்பப் பெற்ற விலை

சென்ற பகுதியில் லண்டனைப் பார்த்தோம். 1952 டிசம்பரில் அந்த நகரத்தின் மேல் கவிந்த நச்சுப் புகைமூட்டமும், அதன் விளைவாக 1956இல் வந்த தூய காற்றுச் சட்டமும் ஒரு நகரத்தின் வானத்தை எப்படி மாற்றின என்பது அந்தக் கதை. காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புகை விடுவதை நிறுத்தினால், இரண்டு மூன்று நாள் நல்ல காற்று வீசினாலே வானம் தெளிந்துவிடும். மண்ணுக்கும் நீருக்கும் அந்தக் குணம் கிடையாது. ஆலை மூடப்பட்ட பிறகும், அது நூறாண்டு கொட்டிய தாரும் ஈயமும் மண்ணில் அப்படியே கிடக்கும். சாக்கடையாக்கப்பட்ட ஓர் ஆறு, அதை அப்படி ஆக்கிய தொழில் போன பின்னும் சாக்கடையாகவே ஓடிக்கொண்டிருக்கும். எனவே தொழில் நகரம் ஒன்று தன் மண்ணையும் நீரையும் மீட்டெடுப்பது வேறு வகைப் போராட்டம். அதற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே பழைய இரும்பாலைகள் பூங்காக்களாகியிருப்பதைப் பலரும் படங்களில் பார்த்திருப்பார்கள். அந்தப் படங்கள் காட்டுவது கடைசிப் படியை. நிலம் யாருடையது, கழிவுநீர் எங்கே போகும், அதற்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விகள் சட்டத்தால் தீர்ந்த பிறகே அங்கே பசுமை வந்தது. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது அதைத்தான்.

ரூர் பகுதியில் மூன்று ஆறுகள் ஏறக்குறைய இணையாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடி ரைன் நதியில் கலக்கின்றன. தெற்கே ரூர், வடக்கே லிப்பே, நடுவில் எம்ஷர். டோர்ட்முண்டுக்கு அருகே ஹோல்ட்ஸ்விக்கெடேயில் பிறக்கும் எம்ஷர் சிறிய ஆறு. நீளம் இன்று 85 கிலோமீட்டர்கூட இல்லை. சரிவு குறைந்த சமநிலத்தில் வளைந்து வளைந்து மெதுவாகப் போகும் ஆறு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் வடக்கு நோக்கி நகர்ந்தபோது இந்தப் பள்ளத்தாக்குதான் சுரங்கத் தொழிலின் மையமானது. கெல்சன்கிர்ஷன், போட்ரோப், ஓபர்ஹௌசன் என்று சிற்றூர்களாக இருந்தவை சில பத்தாண்டுகளில் பெருநகரங்களாக வீங்கின. வீடுகளின் கழிவு, சுரங்கத்திலிருந்து இறைத்த உப்புநீர், கல்கரி உலைகளின் கழிவு எல்லாம் எம்ஷரில் இறங்கின. அதே சமயம் கீழே நிலக்கரியை வெட்டி எடுக்க எடுக்க மேலே நிலம் தாழ்ந்தது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. முன்பே சரிவு குறைந்த ஆறு, இப்போது ஓட வழியில்லாமல் தேங்கியது. மழைக்காலத்தில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தோடு சாக்கடையும் வந்தது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் வந்து போயின. மேலே இருக்கும் ஊர் கீழே இருக்கும் ஊரைக் கெடுத்தது. ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்று பழி சுமத்தின. எந்த நகராட்சியும் தனியாக எதையும் செய்திருக்க முடியாது, ஏனெனில் ஆறு நகராட்சி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை.

1899 டிசம்பரில் போஹும் நகரில் நகராட்சிகளும் சுரங்க முதலாளிகளும் ஆலை உரிமையாளர்களும் கூடி எம்ஷர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் ஓர் ஆற்றின் வடிநிலம் முழுவதற்கும் பொறுப்பேற்ற முதல் அமைப்பு அது. 1904இல் பிரஷ்யா ஒரு தனிச் சட்டத்தால் அதற்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் சாரம் இரண்டு. வடிநிலத்தில் இருக்கும் நகராட்சியும் சுரங்கமும் ஆலையும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உறுப்பினர். ஆற்றுக்கு யார் எவ்வளவு கேடு செய்கிறார்களோ, கூட்டமைப்பின் வேலையால் யார் எவ்வளவு பயன் பெறுகிறார்களோ, அதற்கேற்ப அவர்கள் சந்தா கட்ட வேண்டும். இன்று ‘மாசுபடுத்துபவரே பணம் கட்ட வேண்டும்’ என்று சுற்றுச்சூழல் சட்டங்கள் சொல்வதை, அந்தச் சொற்றொடர் புழக்கத்துக்கு வருமுன்பே ஒரு சிற்றாற்றின் கரையில் நடைமுறைப்படுத்தினார்கள்.

அப்படி வசூலித்த பணத்தை வைத்து அந்த அமைப்பு செய்த முதல் வேலை ஆற்றைக் கொன்றதுதான். இதைப் பூசி மெழுகக் கூடாது. நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியவில்லை. பதித்தால் உடையும், உடைந்தது எங்கே என்றுகூடத் தெரியாது. ஆகவே எம்ஷரையும் அதன் கிளையோடைகளையும் நேராக்கி, ஆழமாக்கி, அடியிலும் பக்கங்களிலும் கான்கிரீட் பலகைகள் பதித்து, திறந்த சாக்கடையாக மாற்றினார்கள். நிலம் தாழ்ந்தால் பலகையை எடுத்து உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்த பகுதிகளில் கரையை மேலும் மேலும் உயர்த்தினார்கள். கரைக்குப் பின்னால் பள்ளமாகிவிட்ட ஊர்களின் நீரைப் பம்பு வைத்து ஆற்றுக்குள் தள்ளினார்கள். தாழ்வின் காரணமாக ரைனில் ஆறு கலக்கும் இடத்தையே 1910இலும் 1949இலும் வடக்கே நகர்த்த வேண்டியிருந்தது. கரை நெடுக வேலி போட்டு, உள்ளே இறங்கினால் உயிராபத்து என்று பலகை வைத்தார்கள். மூன்று தலைமுறைக் குழந்தைகள் அந்த வேலிக்கு இந்தப் பக்கம்தான் வளர்ந்தார்கள்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1901இல் கெல்சன்கிர்ஷனில் குடிநீர் வழியாக டைஃபாய்டு பரவி, ஆயிரக்கணக்கானோர் நோயுற்று நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். வடிகட்டாத ரூர் ஆற்று நீர் குழாயில் கலந்ததே காரணம். ரூர் குடிநீருக்கான ஆறு, எம்ஷர் கழிவுக்கான ஆறு என்ற வேலைப் பிரிவினை அதன்பின் மேலும் இறுகியது. 1913இல் ரூர் ஆற்றுக்கும் தனிச் சங்கம் வந்தது. ஓர் ஆற்றைக் காக்க இன்னோர் ஆற்றைப் பலியிட்டார்கள். நோய் குறைந்தது, வெள்ளம் அடங்கியது என்பதும் உண்மை. எம்ஷர் கூட்டமைப்பில் பணியாற்றிய பொறியாளர் கார்ல் இம்ஹாஃப் 1906இல் வடிவமைத்த இரண்டடுக்குத் தொட்டி, கழிவுநீரிலிருந்து கசடைப் பிரித்துச் செரிக்கவைக்கும் எளிய அமைப்பு. நம் கட்டடப் பொறியியல் மாணவர்கள் இன்றும் பாடத்தில் படிக்கும் இம்ஹாஃப் தொட்டி பிறந்தது இந்தச் சாக்கடைக் கரையில்தான். ஆகவே எம்ஷரின் அழிவு கவனக்குறைவால் வந்ததன்று. அன்றைய சிறந்த பொறியாளர்கள், அன்றைய சிறந்த சட்டத்தின் துணையோடு, தெரிந்தே எடுத்த முடிவு அது. திட்டமிடல் என்றாலே நன்மை என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதே சமயம், பின்னால் ஆற்றை மீட்டெடுத்ததும் இதே அமைப்பு, இதே சந்தா முறை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கருவி ஒன்றுதான், அதற்கு இட்ட வேலை மாறியது.

பசுமைக்கான திட்டமும் இதே காலத்தில் தொடங்கியது. எஸ்ஸன் நகரின் அதிகாரி ராபர்ட் ஷ்மிட் 1912இல் எழுதிய அறிக்கை, ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டடக் காடாகிவிடும் முன் இடையிடையே திறந்தவெளிகளைப் பகுதி முழுவதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்று வாதிட்டது. 1920இல் ரூர் நிலக்கரிப் பகுதிக்கான குடியிருப்புச் சங்கம் உருவானபோது அவரே அதன் முதல் இயக்குநரானார். நகரங்களுக்கு நடுவே வடக்கு தெற்காக ஓடும் பசுமைப் பட்டைகள் அவர் காலத்துச் சிந்தனையின் எச்சம். அவை முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. போருக்குப் பின் சாலைகளும் ஆலைகளும் குடியிருப்புகளும் அவற்றை அரித்தன. ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு இருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்க முடிந்தது. காற்றைப் பொறுத்தவரை, 1961 ஏப்ரலில், மேற்கு ஜெர்மனியின் சான்சலர் பதவிக்குப் போட்டியிட்ட வில்லி பிராண்ட் தன் தேர்தல் உரையில் ரூரின் வானம் மீண்டும் நீலமாக வேண்டும் என்று கேட்டதும், அடுத்த ஆண்டே மாநிலம் காற்று மாசுச் சட்டம் இயற்றியதும் தெரிந்த செய்திகள்.

1958இல் நிலக்கரி நெருக்கடி தொடங்கியது. எண்ணெயும் வெளிநாட்டு நிலக்கரியும் மலிவாக வர, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; எழுபதுகளில் எஃகு ஆலைகளும் அதே வழியில் இறங்கின. காலியான நிலம் கிடக்கிறதே, அதை நகரங்கள் வாங்கி வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாமே என்று தோன்றும். முடியவில்லை. நிலத்தின் பெரும்பகுதி நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் கையில் இருந்தது. புதிய தொழில்கள் வந்தால் தங்கள் தொழிலாளர்களை இழுத்துக்கொள்ளும் என்ற அச்சத்தில் அவை பல ஆண்டுகள் நிலத்தை விற்க மறுத்தன. நிலத்தைப் பூட்டி வைத்தல் என்றே அதற்கு அங்கே பெயர். பின்னாளில் விற்கத் தயாரானபோதோ, மண்ணிலிருந்த நஞ்சைச் சுத்தம் செய்யும் பொறுப்பை யாரும் ஏற்கத் துணியவில்லை. 1979இல் நடந்த ரூர் மாநாட்டைத் தொடர்ந்து வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு ஒரு நில நிதியம் அமைத்தது. அது மூடிய ஆலை நிலங்களை அரசு பெயரில் வாங்கி, நஞ்சகற்றி, அடுத்த பயன்பாட்டுக்குத் தயாராக்கியது. கவர்ச்சியில்லாத, யாரும் படமெடுக்காத வேலை. பின்னால் வந்த பூங்காக்களில் பல இந்த நிதியம் வாங்கிய நிலத்தில்தான் எழுந்தன. நிலம் பொதுச் சொத்தாகாமல் இருந்திருந்தால், உலகின் சிறந்த வடிவமைப்பாளர்கூட அங்கே ஒரு மரம் நட்டிருக்க முடியாது.

1989இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ‘எம்ஷர் பூங்கா’ சர்வதேசக் கட்டடக் கண்காட்சியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நகராது. பெயரில் கண்காட்சி என்றிருந்தாலும் அது ஓர் அரங்கில் நடந்ததன்று. டூய்ஸ்பர்க் முதல் பெர்க்காமன் வரை 17 நகராட்சிகள், சுமார் 800 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 20 லட்சம் மக்கள். இதற்கு அரசியல் ஆதரவு தந்தவர் அன்றைய மாநில அமைச்சர் கிறிஸ்டோஃப் சூப்பல். நடத்தியவர் புவியியலாளர் கார்ல் கான்சர். அவருடைய நிறுவனம் சிறியது. அதற்குத் திட்ட அதிகாரமும் இல்லை, கட்டுவதற்கெனத் தனி நிதியும் இல்லை. நகராட்சிகளோ நிறுவனங்களோ திட்டத்தைக் கொண்டுவர வேண்டும். தரத்தில் தேறினால், ஏற்கெனவே இருக்கும் அரசு நிதித் திட்டங்களிலிருந்து முன்னுரிமையோடு பணம் பெற்றுத் தருவார்கள். பத்தாண்டு முடிந்ததும் நிறுவனம் கலைக்கப்பட்டது. சுமார் 120 திட்டங்கள் இப்படி நடந்தன. பழைய வடக்கு-தெற்குப் பசுமைப் பட்டைகள் ஏழையும் எம்ஷர் ஓரமாகக் கிழக்கு-மேற்காக ஓடும் ஒரு பட்டையால் இணைத்ததுதான் அவற்றுள் மூலமானது.

அந்தப் பட்டையில் அதிகம் பேசப்படுவது டூய்ஸ்பர்க்கின் வடக்கே இருக்கும் நிலப்பூங்கா. 1901இல் தொடங்கி 1985இல் மூடப்பட்ட மைடரிக் இரும்பாலையின் இடம் அது. பரப்பு சுமார் 180 ஹெக்டேர். ஆலையை இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் விரிப்பதே வழக்கமான வழி. நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் அதைச் செய்யவில்லை. இடிக்கும் செலவும் இடிபாட்டை அகற்றும் செலவும் பெரிது. அதைவிட முக்கியமாக, நஞ்சேறிய மண்ணைத் தோண்டி எடுத்தால் அதை இன்னோர் ஊரில்தான் கொட்ட வேண்டும். மிக மோசமான மண்ணை ஆலையின் பழைய பதுங்குக் குழிகளிலேயே அடைத்து மூடினார்கள். குறைந்த மாசுள்ள இடங்களில் தானாக முளைத்த பிர்ச் மரங்களையும் செடிகளையும் அப்படியே விட்டார்கள். அந்த நிலத்தின் ஊடாக ஓடிய பழைய எம்ஷரின் சாக்கடையை மூடிய குழாயில் அடக்கி, அதன் மேலே கூரைகளிலிருந்து வரும் மழைநீர் ஓடும் கால்வாயை அமைத்தார்கள். ஊதுலை ஒன்றின் மேல் ஏறி ஊரைப் பார்க்கலாம், தாதுக் கிடங்குச் சுவர்களில் மலையேற்றம் பழகலாம், எரிவாயுக் கலனில் நீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் நான் மதிப்பது, அங்கே உழைத்தவர்களின் வாழ்வை இடித்து மறைக்காமல் விட்டதை. எஸ்ஸனில் 1986இல் மூடப்பட்ட சோல்ஃபெரைன் சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ மரபுச் சின்னமானதும் அதே மனப்பான்மையின் விளைவு.

ஆனால் பூங்காக்களைவிடப் பெரிய வேலை மண்ணுக்கடியில் நடந்தது. எண்பதுகளில் சுரங்கத் தொழில் எம்ஷர் பள்ளத்தாக்கைக் கடந்து வடக்கே போய்விட்டதால் நிலம் தாழ்வது நின்றது. குழாய் பதிக்கலாம் என்ற நிலை நூறாண்டில் முதல் முறையாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் எம்ஷர் கூட்டமைப்பு முழு மாற்றத்துக்கு முடிவெடுத்தது. கழிவுநீர் அனைத்தும் நிலத்தடிக் குழாய்களுக்குப் போகும், ஆறும் ஓடைகளும் கான்கிரீட்டிலிருந்து விடுபடும். சுமார் 430 கிலோமீட்டர் புதிய கழிவுநீர்க் குழாய்கள். அவற்றின் முதுகெலும்பாக டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளப் பெருங்குழாய், சில இடங்களில் தரைக்கு 40 மீட்டர் ஆழத்தில். 2021 முடிவில் எம்ஷருக்குள் கழிவுநீர் வருவது நின்றது. முப்பது ஆண்டு உழைப்பு. செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். நல்ல நீர் மிஞ்சியிருந்த சில மேலோடைகளில் ஒட்டிக்கொண்டிருந்த மீன்களும் பூச்சிகளும் கீழே பரவத் தொடங்கின.

இதற்கு எதிராக எழும் வாதங்கள் எளியவை அல்ல. முதலாவது, இதில் திட்டமிடலின் பங்கு என்ன, தொழில் செத்தது, அதனால் இயற்கை மீண்டது என்பது. காலவரிசை இதை ஏற்கவில்லை. நிலக்கரித் தொழிலின் வீழ்ச்சி 1958இல் தொடங்கியது. எம்ஷர் சாக்கடையாக இருந்தது 2021 வரை. இடைப்பட்ட அறுபது ஆண்டும் அதில் ஓடியது பெரும்பாலும் வீடுகளின் கழிவு. எழுபதுகளில் ஆறு ரைனில் கலக்கும் இடத்தில் ஒரு பெரும் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, ஆற்றையே முழுதாக அதன் வழியே செலுத்தினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சுரங்கம் மூடியது வாய்ப்பைத் தந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தக் குழாய் வேண்டியிருந்தது, குழாய்க்குப் பணம் வேண்டியிருந்தது, பணத்தை வசூலிக்கும் சட்டம் வேண்டியிருந்தது.

அடுத்தது இன்னும் கடுமையானது: ரூர் தன் அழுக்கை வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்தது. இதில் உண்மை இருக்கிறது. டோர்ட்முண்டில் 2001இல் மூடப்பட்ட எஃகு ஆலையைச் சீன நிறுவனம் ஒன்று வாங்கி, தன் தொழிலாளர்களைக் கொண்டுவந்து துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலேற்றியது. சீனாவில் எழும் புகைக்கு ரூரின் நீலவானம் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. அறுபதுகளில் புகைபோக்கிகளை உயர்த்திக் கந்தகத்தைத் தொலைதூரக் காடுகளின் மேல் அனுப்பியதும் இதே பழக்கம்தான். ஆனால் டூய்ஸ்பர்க் இன்றும் ஐரோப்பாவின் மிகப் பெரிய எஃகு உற்பத்தி மையங்களில் ஒன்று. உலைகள் எரியும்போதே காற்றும் நீரும் பழைய நிலையைவிட மேம்பட்டிருக்கின்றன. மேலும், தொழில் எங்கே போனாலும், அது விட்டுச்சென்ற மண்ணைச் சுத்தம் செய்யும் கடமை அந்த மண்ணில் வாழ்பவர்களிடமே மிஞ்சுகிறது. அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றினார்கள் என்பதே நம் கேள்வி.

பணக்கார நாடு, செலவழிக்க முடிந்தது என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். மாநில நிதியும் ஐரோப்பிய நிதியும் வந்தன, ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் கொடுத்தது, எல்லாம் உண்மை. ஆனால் எம்ஷர் மாற்றத்துக்கான செலவில் பெரும்பகுதி உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து வந்தது. ஜெர்மனியின் மிக ஏழ்மையான நகரங்களில் சில அந்த உறுப்பினர்களில் அடக்கம். முப்பது ஆண்டுக்குப் பரப்பியதால் தாங்க முடிந்தது. செல்வத்தைவிட அரிதானது, ஆட்சிகள் மாறினாலும் முப்பது ஆண்டு ஒரே வேலையைத் தொடரும் அமைப்பு.

கடைசி வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் நேர்மையல்ல. வேலை போனவனுக்குப் பூங்கா எதற்கு? சீனாவுக்குப் போன அந்த எஃகு ஆலையின் இடத்தில் 24 ஹெக்டேர் பரப்பில் ஃபீனிக்ஸ் ஏரியை வெட்டினார்கள். 2010 அக்டோபரில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். ஆலைக்கடியில் நூறாண்டு புதைந்து ஓடிய எம்ஷரும் அதன் ஓரத்தில் மேலே வந்தது. கரையில் எழுந்த வீடுகள் வசதியானவர்களுக்கானவை. பக்கத்திலேயே இருக்கும் பழைய தொழிலாளர் குடியிருப்பான ஹூர்டேயில் இருப்பவர்கள் அவற்றை வாங்க முடியாது. எஸ்ஸனையும் டோர்ட்முண்டையும் இணைக்கும் ஏ 40 நெடுஞ்சாலைக்கு வடக்கே ஏழ்மை, தெற்கே வசதி என்ற பிளவு இன்றும் அப்படியே. கெல்சன்கிர்ஷனின் வேலையின்மை விகிதம் நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. எஸ்ஸன் 2017இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டம் பெற்றபோதும் இந்த நிலை மாறவில்லை. பூங்கா வேலைவாய்ப்பைத் தராது. அதற்காக அந்தப் பள்ளத்தாக்கின் ஏழைகள் இன்னும் ஒரு தலைமுறை திறந்த சாக்கடையின் கரையிலேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. வேலிக்குள் ஓடிய அந்தச் சாக்கடை பணக்காரர் வீட்டு வாசலில் ஓடவில்லை, இவர்கள் வாசலில்தான் ஓடியது. ஆகவே ஆற்றின் மீட்சி முதலில் இவர்களுக்கான நீதி. வீட்டு விலையைக் கட்டுப்படுத்தும் வழியை அந்தத் திட்டத்திலேயே எழுதாமல் விட்டதுதான் தவறு. ஏரியை வெட்டும் முன்பே கரையில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று முடிவுசெய்திருக்க வேண்டும்.

போட்ரோப்பில் இருந்த ப்ரோஸ்பர்-ஹானியல், ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம், 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. அதோடு கணக்கு முடியவில்லை. தாழ்ந்த நிலம் மீண்டும் உயரப் போவதில்லை. எம்ஷர் வடிநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலம் இன்று பம்புகள் இறைப்பதால் மட்டுமே காய்ந்து கிடக்கிறது. பாழ்பட்ட சுரங்கங்களுக்குள் ஊறும் நீரையும் குடிநீர் மட்டத்தை எட்டாமல் என்றென்றைக்கும் இறைக்க வேண்டும். அந்தச் செலவுக்காக 2007இலேயே ஒரு அறக்கட்டளை நிறுவப்பட்டது. தாழ்ந்த ஊர்களின் பம்புகளுக்கான செலவை எம்ஷர் கூட்டமைப்பு, 1904ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அதே சந்தா முறையில், இன்றும் தன் உறுப்பினர்களிடம் வசூலிக்கிறது.

(தொடரும்)